பற்றரிக்கு அடுத்த சொல்

அத்தானின் காருக்குள் ஒரு ஜப்பான்காரி இருக்கிறாள். காலையில் காரை ஸ்டார்ட் பண்ணியதும் மிக மரியாதையான குரலில் ஏதோ சொல்லுவாள். வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், வீட்டில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது, பிள்ளைகள் மட்டும் அந்தக் குரலை அச்சொட்டாக நடித்துக் காட்டுவார்கள். உண்மையில் அவள் சொல்வது இவ்வளவுதான்: அதிவேகப் பாதைக் கட்டண அட்டை செருகப்படவில்லை. ஜப்பானில் பணம் கழிக்கிற அட்டை அது, வெள்ளவத்தையில் எந்தக் காலத்திலும் அதை ஒருவரும் செருகப் போவதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஜப்பானில் ஓடி ஏலத்தில் விலைபோய்க் கப்பலில் வந்த காரை ஓட்டுகிற நாங்கள் எல்லோருமே அந்தக் கார் சொல்வதைக் கேட்காமல் இருக்கப் பழகியவர்கள். திரையில் எந்த எழுத்து வந்தால் என்ன, கார் ஓடுகிறதா, ஓடுகிறது, அப்போ சரி.

கார் 2017 இல் செய்தது. பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட். கொழும்பில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் இதே மாதிரி ஒன்று நிற்கும், அதனால் பெயர் வேண்டாம். பின்சீட்டுக்கு அடியில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் உள்ள 120 செல்களைத் தொடராக இணைத்து 144 வோல்ட். அத்தானுக்கு வெள்ளவத்தையில் சின்னப் புடவைக்கடை. வாரத்தில் இரண்டு மூன்று தடவை புறக்கோட்டைக்குப் போய் கெய்சர் வீதியில் துணி எடுத்துப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு வருவார். இந்தக் கடைசி வரியை நான் இப்போது எழுதுகிறேனே தவிர, விஷயம் தொடங்கிப் பல கிழமை வரைக்கும் எங்கள் யாருக்கும் அது காரோடு சம்பந்தப்பட்ட தகவலாகத் தெரியவில்லை.

2025 மார்ச்சில் ஒரு மாலை, மரைன் டிரைவ் நெரிசலில், மீட்டருக்குப் பக்கத்துத் திரையில் செம்மஞ்சள் முக்கோணமும் இரண்டு வரி ஜப்பானிய எழுத்தும் வந்தன. அத்தான் வழமைபோல் கணக்கெடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது, அப்புறம் ஒரு கிழமை இல்லை, பிறகு அடுத்தடுத்து இரண்டு மாலை. அப்போதுதான் படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் போட்டார். நான் மெக்கானிக் இல்லை, மின்னணுச் சாமான் திருத்துகிறவன், குடும்பத்தில் கம்பி உள்ள எல்லாப் பொருளும் கடைசியில் என் தலையில்தான் வந்து விழும். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். தமிழில் வந்தது இது: ‘ஓட்டுநர் பற்றரி குளிர் பகுதி பழுது அவசியம்’. அக்கா வாசித்துவிட்டு, "இந்த ஓட்டுநருக்குப் பற்றரி முடிஞ்சது எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். சிரித்துவிட்டு விட்டோம். அந்த இடத்திலேயே நிதானமாக வாசித்திருந்தால் இந்தக் கட்டுரை அரைப்பக்கத்தில் முடிந்திருக்கும்.

முதல் கராஜில் கையடக்க ஸ்கேனரைப் போட்டுப் பார்த்து, கோட், அதாவது காரின் கணினி பதிந்து வைக்கிற குறை எண், ஒன்றும் இல்லை என்றார்கள். இது பலரைக் குழப்புகிற இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சொக்கெட், அமெரிக்காவில் 1996 மொடல் கார்களிலிருந்து கட்டாயமான, கார் தன் குறையைத் தானே பதிகிற ஓபிடி-2 ஏற்பாட்டின் வழி பரவியது. அந்த ஏற்பாடு எழுந்ததே புகைக் கட்டுப்பாட்டுக்காக. எனவே மலிவு ஸ்கேனர்கள் பொதுவாகப் பேசுவது எஞ்சின் கணினியோடு மட்டும்தான். காருக்குள்ளே ஹைப்ரிட் கட்டுப்பாட்டுக்கு, பிரேக்குக்கு, காற்றுப்பைக்கு என்று தனித்தனிக் கணினிகள் இருக்கின்றன. அவற்றிடம் கேட்காமலே ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னால் அதற்குப் பொருள், கேட்ட இடத்தில் ஒன்றும் இல்லை என்பதுதான். அத்தோடு, திரையில் வருகிற எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் கோட் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை, சில வெறும் நினைவூட்டல்கள். அந்தக் கராஜில் எதற்கும் இருக்கட்டும் என்று 12 வோல்ட் பற்றரியை மாற்றிவிட்டார்கள். நியாயமான ஊகம்தான், 12 வோல்ட் தளர்ந்தால் சம்பந்தா சம்பந்தமில்லாமல் பல விளக்குகள் எரியும். ஆனால் இங்கே எரிந்தது ஒன்றே ஒன்று, அதுவும் மாலையில் மட்டும். இரண்டு நாளில் மறுபடி வந்தது.

அடுத்த தடவை முக்கோணத்தோடு எஞ்சின் விளக்கும் எரிந்தது. இரண்டாவது கராஜ் ஹைப்ரிட்டுக்கென்றே பெயர் போட்டிருக்கிற இடம், லப்டொப் வைத்து ஸ்கேன் பண்ணினார்கள். பாஸ் திரையைப் பார்த்துவிட்டு "பெட்டரிய இவரயி" என்றார், பற்றரி முடிந்தது. கோட் என்ன என்று கேட்டதற்கு பி0ஏ80. பிறகு விளக்கை அணைத்துக் கொடுத்துவிட்டார். அத்தான் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது அப்படியே:

"தம்பி, ஹைப்ரிட் பற்றரி போட்டுதாம். திருத்தினது போட மூண்டரை லட்சம், புதுசு எண்டால் அதைவிடக் கூடவாம். கோட்டிலயே மாத்து எண்டு எழுதிக் கிடக்காம்."

கோட்டில் அப்படி எழுதித்தான் கிடக்கிறது, அது பொய்யில்லை. பி0ஏ80 க்குத் தரப் பட்டியலில் உள்ள விளக்கமே ‘ஹைப்ரிட் பற்றரித் தொகுதியை மாற்றவும்’ என்பதுதான். குறை சொல்லுகிற பட்டியலில் கட்டளை போடுகிற ஒரு வரி, யார் எழுதினார்களோ தெரியாது, எத்தனை பேருடைய காசைக் கரைத்திருக்கும். கணினி உண்மையில் பார்ப்பது பற்றரிக்குள்ளே செல்கள் சேர்ந்த சிறு தொகுதிகளுக்கு இடையிலான வோல்ட் வித்தியாசத்தை, அது எல்லை மீறினால் இந்த எண் பதிவாகும். பெரும்பாலும் பற்றரியில்தான் பிழை இருக்கும், சில வேளை இணைப்புத் தகட்டில் பிடித்த களிம்பாகவும் இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது விலையைக் கேட்டு இல்லை, விளக்கை அணைத்ததைக் கேட்டு. கோட் பதிவாகிற கணத்தில் வேகம், வெப்பநிலை, பற்றரியில் எவ்வளவு சார்ஜ் என்று ஒரு தொகுதி எண்களையும் கணினி சேர்த்து உறைய வைத்துவிடும். விபத்து நடந்த இடத்தில் பொலிஸ் சோக்கட்டியால் கோடு போடுகிற மாதிரி. கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். அத்தான் ஸ்கேன் திரையைப் படமும் எடுக்கவில்லை. ஆக எங்களிடம் மிஞ்சியது பாஸின் வாய்வார்த்தை மட்டும்.

அத்தான் காசு புரட்ட யோசிக்கத் தொடங்கிவிட்டார். காரை மாற்றுவதும் இலேசில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, திறந்தாலும் வரியோடு விலை தலைசுற்றும். கையில் இருக்கிற காரைக் கட்டிக்காக்கத்தான் வேண்டும் என்கிற இந்தப் பயத்தில்தான் ஹைப்ரிட் பற்றரி வியாபாரம் நன்றாக நடக்கிறது. நான் கொஞ்ச நாள் தவணை கேட்டேன்.

அந்த நாட்களில் செய்த உருப்படியான முதல் வேலை காரோடு சம்பந்தப்பட்டதே இல்லை. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஜப்பானில் நாலு வருடம் படித்துவிட்டு வந்தவன். படத்தை அனுப்பினேன். அவன் மொழிபெயர்த்து அனுப்பாமல் போன் எடுத்து, "அண்ணை, ஒவ்வொரு சொல்லாச் சொல்றன், எழுதுங்கோ" என்றான். டென்ச்சி என்றால் பற்றரி, முன்னால் ஒட்டியிருக்கிற சொல்லோடு சேர்த்தால் காரை இயக்குகிற பற்றரி. பிறகு ‘நோ’, அது எங்கள் ‘இன்’. ரெய்க்யாக்கு என்றால் குளிர்வித்தல், புஹின் என்றால் பாகம். மறுபடி ‘நோ’. செய்பி என்றால் பராமரிப்பு. கடைசியில் தேவை. எழுதி முடித்துப் பார்த்தால் ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றாமல் தமிழாகவே நிற்கிறது:

இயக்கப் பற்றரியின் குளிர்விக்கும் பாகங்களின் பராமரிப்பு தேவை. கையேட்டைப் பார்க்கவும்.

ஜப்பானிய மொழியிலும் எங்களைப் போலவே ஆளைக் கடைசியில்தான் காட்டுவார்கள். ‘அத்தானின் கடையின் பூட்டைப் பார்க்கவும்’ என்றால் பூட்டைத்தான் பார்ப்போம், கடையை விற்க விளம்பரம் கொடுக்க மாட்டோம். போனோ இந்த ‘இன்’ இரண்டையும் தின்றுவிட்டது. நாங்கள் பற்றரி என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்திவிட்டோம். கராஜ்காரர்களும் அதே படத்தை அத்தானின் போனில் பார்த்தவர்கள்தான், அவர்களும் முதல் சொல்லுக்குத்தான் விலை சொன்னார்கள். தம்பி கடைசியாக இன்னொன்றும் சொன்னான்: மாற்றுவதற்கு ஜப்பானியத்தில் கோக்கான் என்று வேறு சொல் இருக்கிறது, அது இந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை.

சரி, குளிர்விக்கும் பாகங்கள் எவை? இந்த வகைக் கார்களில் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இல்லை. பின்சீட்டின் அடியில் பக்கவாட்டாக, காற்றுப் போகத் துளைகள் உள்ள ஒரு சின்ன ஜாலி, அதற்குள் ஒரு ஃபில்டர், அதற்குப் பின்னால் ஒரு விசிறி. காருக்குள் இருக்கிற காற்றையே இழுத்து செல்களுக்கு இடையால் ஓடவிட்டு வெளியே தள்ளுகிறது. நீங்கள் மூச்சுவிடுகிற அதே காற்றைத்தான் பற்றரியும் மூச்சுவிடுகிறது. ஏசி போட்டால் அதற்கும் குளிர்.

இங்கேதான் அத்தானின் பழக்கம் ஒன்று வந்து நிற்கிறது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் கியூஆர் காட்டி எண்ணெய் அடித்த காலம், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்போது ஏசியை நிறுத்தியவர் அதன் பிறகு போடவே இல்லை. கண்ணாடியை இறக்கி விட்டு வருவார், கடல்காற்று நல்லது என்பார். ஏப்ரல் மாலையில் மரைன் டிரைவில் முன்னால் நிற்கிற பஸ்ஸின் புகையும் வீதித் தூசியும் உள்ளே வந்து நேராக அந்த ஜாலிக்குத்தான் போகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்.

ஆனால் தூசி மட்டும் காரணம் என்றால் ஏன் எப்போதும் வரவில்லை? அக்காவை ஒரு கொப்பி போடச் சொன்னேன். எத்தனை மணி, எந்தப் பாதை, காரில் யார், என்ன சாமான், செய்தி வந்ததா. மெக்கானிக்கிடம் போவதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும் என்று இப்போது புத்திக்குத் தெரிகிறது. பத்து நாள் கொப்பியில் இரண்டு விஷயம் கண்ணில் குத்தியது. ஒன்று, அத்தான் குடும்பத்தோடு கொட்டாவையில் ஏறித் தெற்கு அதிவேகப் பாதையில் காலிக்குப் போய் வந்திருக்கிறார், இருநூறு கிலோமீற்றருக்கு மேல், செய்தி வரவேயில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் புறக்கோட்டை வழியில் வருகிறது. தூர ஓட்டம் காருக்குக் கஷ்டம் என்று நாங்கள் நினைப்பது ஹைப்ரிட் பற்றரிக்குத் தலைகீழ். சீரான வேகத்தில் எஞ்சின்தான் பெரும்பாலும் இழுக்கும், பற்றரிக்கு ஓய்வு. நெரிசலில் ஒவ்வொரு நகர்வுக்கும் மோட்டார், ஒவ்வொரு பிரேக்குக்கும் சார்ஜ், கொடுப்பதும் வாங்குவதுமாகப் பற்றரி சும்மா இருப்பதே இல்லை. மின்னோட்டம் இரு மடங்கானால் அதன் தடையில் பிறக்கிற வெப்பம் நாலு மடங்கு.

இரண்டாவது, போகும்போது வராது. திரும்பும்போது மட்டும்தான். அதாவது துணி இருக்கும்போது. பாரம் கூடியதால் என்று முதலில் நினைத்தேன், அத்தானும் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊகம் உடைந்தது. அன்று துணியே இல்லை, அக்காவின் மாமியாரைக் கல்யாண வீட்டிலிருந்து கூட்டி வருகையில் செய்தி வந்துவிட்டது. கொப்பியில் அக்கா எழுதியிருந்தார்: ‘மாமி பின்னால், காலுக்குத் தலையணை’. தலையணையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. துணிக் கட்டும் தலையணையும் ஒரே ஜாலியைத்தான் அடைத்திருக்கின்றன.

ஊகத்தை எண்ணில் பார்க்க வேண்டும் என்று முதலாம் குறுக்குத் தெருவில் அந்த 16 பின் சொக்கெட்டில் செருகுகிற ஒரு குட்டி நீல அடப்டர் வாங்கி, ஹைப்ரிட் கணினியோடும் பேசக்கூடிய ஒரு அப்பைப் போனில் போட்டு, அத்தானோடு புறக்கோட்டைக்குப் போனேன். வெளியே 32 பாகை. போகும்போது பற்றரி வெப்ப உணரிகள் 44, 46 என்று காட்டின, அதுவே நல்ல எண் இல்லை. துணி ஏற்றித் திரும்பும்போது கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் 49, பம்பலப்பிட்டியில் 52. விசிறி ஆகக் கூடிய படியில் இரைந்தது, துணி மூடியிருந்ததால் முன்சீட்டுக்குக் கேட்கவில்லை, இவ்வளவு நாளும் கேட்காததும் அதனால்தான். சூட்டில் பற்றரியைக் காப்பாற்றக் கணினி அதிலிருந்து எடுப்பதையும் கொடுப்பதையும் குறைத்துவிட, நின்ற இடத்திலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஏசியை நிறுத்தி மிச்சம் பிடித்த பெற்றோல் அப்படிப் போய்க்கொண்டிருந்தது. அத்தானிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முதல் தடவையாக முகம் மாறினார்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தி, ஆறவிட்டு, ஜாலியைக் கழற்றினோம். இதற்கு உயர் வோல்ட் எதையும் தொடத் தேவையில்லை, கிளிப் நாலைந்து, கையாலேயே வரும். ஃபில்டர் ஒரு சின்ன வலை, அதன் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படை, விரலால் உரித்தால் முழுத்துண்டாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாம்பல் நிறமே இல்லை: சிவப்பு, மஞ்சள், பச்சை நூல் துணுக்குகள், இடையில் ஜரிகை மினுக்கம். ஏழு தீபாவளி, ஏழு வருடப்பிறப்பு வியாபாரம் அதில் இருந்தது. கழுவிக் காயவைத்துப் போட்டோம். அடுத்த நாள் அதே பாதை, துணி இல்லாமல், 43. நான் வெற்றி என்று அறிவித்து அக்கா வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் எஞ்சின் விளக்கு மறுபடி எரிந்தது.

இந்தத் தடவை யாரும் கைவைக்கவில்லை. நான் போய் ஹைப்ரிட் கணினியைப் படித்தேன், திரையைப் படம் எடுத்தேன், உறைந்த எண்களையும் எடுத்தேன். கோட் பி0ஏ82. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பக்கத்துப் பக்கத்து எண்கள்: 80 என்றால் பற்றரித் தொகுதி, 81 என்றால் அதன் குளிர்விசிறியின் மின்சுற்று, 82 என்றால் விசிறி சொன்னபடி சுழலவில்லை. பாஸ் அன்று பார்த்தது உண்மையிலேயே 80 தானா, 82 ஐ 80 என்று வாசித்தாரா, அல்லது 80 என்றால் விற்க வசதி என்று நினைத்தாரா, இனி ஒருவராலும் சொல்ல முடியாது. நல்லவர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசி ஓர் இலக்கத்தின் விலை மூன்றரை இலட்சம்.

உறைந்த எண்களின்படி பற்றரி 45 பாகை, கார் நின்றிருக்கிறது, சூடு எல்லை மீறவில்லை, அப்படியென்றால் விசிறியிலேயே குறை. அதாவது ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனதும் இருக்கிறது. நான் யோசித்திருக்க வேண்டும், வலையைத் தாண்ட முடியாத நூல்தான் படையாகக் கிடந்தது, தாண்டியது எங்கே போயிருக்கும்? விசிறிக்குக் கை எட்ட வேண்டுமானால் பின்சீட்டைத் தூக்கிப் பற்றரிக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டும், செம்மஞ்சள் கேபிள்கள் ஓடுகிற இடம், 144 வோல்ட் நேர் மின்சாரம், ஆளைக் கொல்லப் போதும். மின்னணு வேலை தெரிந்தவன் என்ற திமிரில் நான் அதைத் தொடவில்லை. தெஹிவளையில் ஹைப்ரிட் வேலை செய்கிற ஒரு ஓட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். அவர் ரப்பர் கையுறை போட்டு, பற்றரியின் மின்சுற்றைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கை இழுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பத்து நிமிஷம் பிளேன்ரீ குடித்தார். தேநீருக்காக இல்லை, இன்வேர்ட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக. பிளக்கைச் சட்டைப் பைக்குள் போட்டது, தெரியாமல் வேறு யாரும் திருப்பிச் செருகிவிடாமல் இருக்க. அந்த இரண்டு செயலைப் பார்த்ததுமே எனக்கு ஆளில் நம்பிக்கை வந்துவிட்டது.

விசிறிச் சக்கரத்தின் அச்சைச் சுற்றி நூல் திரிதிரியாக முறுகி, இதழ்களுக்கு இடையில் பஞ்சு அடைந்து, கையால் சுற்றினால் அரைச்சுற்றில் நின்றது. விசிறி மோட்டார் எரியவில்லை. முறுகலை வெட்டி எடுத்து, இதழ்களைத் துலக்கி, காற்றுக் குழாயையும் துடைத்து மாட்டினார். கூலி நாலாயிரம் வாங்கினார். அத்தான் ஐயாயிரம் கொடுத்தார், மிச்சம் வாங்கவில்லை.

அதன்பின் இரண்டு மாதம் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதே பாதை, துணியோடு, ஆனால் துணி இப்போது டிக்கியில், ஏசியும் குறைந்த அளவில் ஓடுகிறது: 39, 40. விசிறி இரண்டாவது படிக்கு மேல் போவது அபூர்வம். அந்த இரண்டு வரி வரவில்லை. டிக்கியில் வைத்தால் பட்டு மடிப்புக் கலைகிறது என்று அத்தானுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, அதனால் ஜாலிக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரு கம்பிச் சட்டம் வளைத்துக் கொடுத்திருக்கிறேன், பட்டு மட்டும் பின்சீட்டில் வரலாம்.

பற்றரி முழுக்கத் தப்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தொகுதிகளின் வோல்ட்டைப் பார்த்தால், வேகமெடுக்கும்போது நடுவில் உள்ள ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடவே இறங்குகிறது. நடுவில் உள்ளவைதான் பொதுவாக அதிகம் சூடாகும், எத்தனை மாதம் 50 பாகையில் வெந்ததோ. இப்போதைக்கு எல்லைக்குள் இருக்கிறது. அக்கா அந்தக் கொப்பியை நிறுத்தவில்லை, மாதத்தின் முதல் ஞாயிறு நான் போகும்போது அந்தத் தொகுதியின் எண்ணையும் அதில் எழுதுகிறோம். முதல் மாதம் 0.3 வோல்ட் வித்தியாசம், இரண்டாம் மாதமும் 0.3.